181 டிகிரிக்கு போன ரெண்டு மார்க்

வணக்கம் சார்,

உங்க சைட்டை மூணு வருஷமா படிக்கிறேன், எழுதறது இதான் முதல் தடவை. மடிப்பாக்கத்துல இருக்கேன், ஐடி வேலை, கணக்கெல்லாம் காலேஜோட சரி. பொண்ணு ஏழாவது படிக்கிறா. மூணு முக்கோணம் வரைஞ்சு கோணம் அளந்து கூட்டிட்டு வான்னு ஸ்கூல்ல ஒரு ஆக்டிவிட்டி. இவ 181, 179, 180.5ன்னு வந்ததை அப்படியே எழுதிட்டா. மிஸ் சிவப்பு இங்க்ல அடிச்சு "180 தான் வரும்"னு எழுதி ரெண்டு மார்க் குறைச்சிட்டாங்க. மத்த பசங்க எல்லாருக்கும் கரெக்டா 180 வந்திருக்கு. "அளந்தா வரலையே, அப்புறம் 180ன்னு முடிவு பண்ணது யாருப்பா?"ன்னு கேக்கறா. உன் புரோட்ராக்டர் மூலை உடைஞ்சிருக்கும்மான்னு சொல்லி சமாளிச்சேன். என் மச்சானைக் கேட்டா சயின்ஸ் தியரி எல்லாம் மாறிட்டே இருக்கும், கணக்கும் அப்படித்தான், 1931லயே கோடல்னு ஒருத்தர் கணக்கும் நிச்சயம் இல்லன்னு நிரூபிச்சிட்டார்ங்கறான். உண்மையா சார்? கணக்கு நாம கண்டுபிடிச்சதா, இல்ல நாமளே உண்டாக்கினதா?

(பேர் போட வேண்டாம்)

வணக்கம்,

மார்க் பஞ்சாயத்தை முதல்ல முடிச்சிடுவோம். அந்த ரெண்டு மார்க் உங்க பொண்ணுக்கு வரணும். எனக்கு சந்தேகமே மத்த பசங்க மேல தான். மொக்கை பென்சில், ஜாமெட்ரி பாக்ஸோட வந்த பிளாஸ்டிக் புரோட்ராக்டர், இதை வச்சு மூணு முக்கோணத்துக்கும் அச்சு பிசகாம 180 வந்துச்சுன்னா ரெண்டு கோணத்தை அளந்துட்டு மூணாவதை கழிச்சுப் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். எனக்கு எப்படி தெரியும்னா நானும் அதே வேலைய பண்ணவன் தான், டிக்கும் வாங்கினேன்.

ஆனா மிஸ் எழுதினதும் பொய் கிடையாது, அதான் இதுல இருக்கற வேடிக்கை. அவங்க சொல்ற 180 அளந்து வந்த நம்பரே இல்ல. பொண்ணை ஒரு முக்கோணம் வரைய சொல்லுங்க, உச்சி வழியா அடிப்பக்கத்துக்கு இணையா ஒரு கோடு போட சொல்லுங்க. கீழ இருக்கற ரெண்டு கோணமும் ஒன்றுவிட்ட கோணமா மேல வந்து உச்சிக் கோணத்துக்கு ரெண்டு பக்கமும் உக்காந்துக்கும், மூணும் சேர்ந்தா அந்த நேர்கோடு, நேர்கோடுன்னா 180. முடிஞ்சுது. புரோட்ராக்டரை வெளிய எடுக்கவே இல்ல பாருங்க. நீங்க வரைஞ்ச கோடு கோணலா இருந்தாலும் இந்த வாதத்துக்கு ஒண்ணும் ஆகாது.

சரி, ஒரு லட்சம் முக்கோணம் அளந்து சராசரி எடுத்தா 180 வந்துடுமே, அது போதாதான்னு கேக்கலாம். கணக்குல அது செல்லாது, ஏன்னு சொல்ல ஒரு நல்ல கதை இருக்கு, நம்ம ஊர் ஆளும் அதுல வர்றார். ஒரு எண் வரைக்கும் எத்தனை பகா எண் இருக்குன்னு தோராயமா சொல்ல ஒரு ஃபார்முலா உண்டு. 1000 வரைக்கும் நிஜத்துல 168, ஃபார்முலா சுமார் 178ன்னு சொல்லும். 10 லட்சம் வரைக்கும் நிஜத்துல 78,498, ஃபார்முலா ஏறக்குறைய 130 கூட சொல்லும். இப்படி யார் எவ்வளவு தூரம் எண்ணிப் பார்த்தாலும் ஃபார்முலா தான் கூட, ஒரு தடவை கூட தவறினதில்ல. இதுவே சயின்ஸா இருந்தா என்னைக்கோ விதின்னு பேர் வச்சு பாடத்துல போட்டிருப்பாங்க. 1914ல லிட்டில்வுட்டுன்னு ஒரு இங்கிலீஷ்காரர், இது எங்கயோ ஒரு இடத்துல தலைகீழா மாறும், ஒரு தடவை இல்ல, முடிவில்லாம மாறி மாறி நடக்கும்னு நிரூபிச்சார். அந்த இடத்தை அவர் காட்டல. 317 இலக்க எண்கள் பக்கத்துல ஒரு இடத்துல மாறுதுன்னு இப்ப தெரியும், அவ்வளவு தூரம் எண்ணிட்டுப் போக யாராலயும் முடியாது. நம்ம ராமானுஜன் மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட்ல கிளார்க்கா இருந்தப்ப 1913 ஜனவரில கேம்பிரிட்ஜ் கணக்கு புரொஃபசர் ஹார்டிக்கு லெட்டர் போட்டாரே, அவரோட பகா எண் கணக்குகள்ல ஒரு பகுதியும் பின்னால தப்புன்னு தெரிஞ்சது, சின்ன எண்கள்ல அழகா பொருந்தி வந்த சமாச்சாரம் தான் அதுவும். அவரோட குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவுல வந்து சொன்னாலும் புரூஃப் வேணும்னு ஹார்டி அடம் பிடிச்சதுக்கு காரணம் இருக்கு.

இப்ப திரும்ப 180க்கு வாங்க. அந்த புரூஃப்ல ஒரு இடத்தை நாம கண்ண மூடிட்டு தாண்டிட்டோம். உச்சி வழியா இணைகோடு "ஒண்ணு" போடலாம்னோம்ல, ஒண்ணு தான்னு யார் சொன்னது? ஜாமெட்ரியை முதல்ல புத்தகமா கோத்து வச்ச பழைய கிரேக்கர் யூக்ளிட் அதை நிரூபிக்கல, அப்படின்னு வச்சுப்போம்னு தான் ஆரம்பிச்சார். ரெண்டாயிரம் வருஷம் ஆளாளுக்கு அதை நிரூபிக்கப் பார்த்து தோத்தாங்க. ஹங்கேரில போயாய்னு ஒரு பையன் இதுல இறங்கினப்ப அதே வேலைல ஏற்கனவே நொந்து போயிருந்த அவங்க அப்பா, இணைகோடு பக்கமே போகாதடான்னு லெட்டர்ல கெஞ்சினார் (அப்பாக்கள் எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி தான்). பையன் கேக்கல. 1829ல ரஷ்யாவுல லோபசெவ்ஸ்கி, 1832ல இந்த போயாய், தனித்தனியா, ஒண்ணுக்கு மேலயும் இணைகோடு போடலாம்னு வச்சுட்டு ஒரு முழு ஜாமெட்ரியே கட்டினாங்க. எந்த முரண்பாடும் வரல, முக்கோணத்துக்கு மட்டும் 180க்கு கம்மியா வந்துச்சு. கூடுதலா வர்றதைப் பாக்கணும்னா வீட்லயே பாக்கலாம், ஒரு சாத்துக்குடியும் ஸ்கெட்ச் பேனாவும் எடுங்க. காம்புல இருந்து பழத்தோட நடு இடுப்பு வரைக்கும் ஒரு கோடு, கால் சுத்து தள்ளி காம்புல இருந்தே இன்னொரு கோடு, ரெண்டையும் இடுப்புல சேர்த்தா மூணு மூலையும் 90. கூட்டினா 270. பொண்ணு இதை ஸ்கூல்ல காட்டினா இன்னும் ரெண்டு மார்க் போகலாம், பாத்துக்கோங்க.

உங்க வீட்ல இருந்து ரொம்ப தூரம் இல்ல, பரங்கிமலைல இது பழத்துல நடக்கல, மண்ணுலயே நடந்துச்சு. 1802 ஏப்ரல்ல லாம்டன்னு ஒரு சர்வேயர், மலைக்குப் பக்கத்துல சுமார் 12 கிலோமீட்டர் கோடு ஒண்ணை 100 அடி இரும்பு சங்கிலியால அளக்க ஆரம்பிச்சார், அதுல இருந்து முக்கோணம் முக்கோணமா இந்தியா முழுக்க அளந்துட்டுப் போனாங்க. பூமி உருண்டைங்கறதால 30 கிலோமீட்டர் பக்கம் இருக்கற முக்கோணத்துக்கு 180 டிகிரியோட சுமார் 2 செகண்ட் கூட வரும். ஒரு டிகிரின்னா 3600 செகண்ட், அப்ப எவ்வளவு பொடின்னு பாருங்க, ஆனா அதை கணக்குல சேர்த்துக்கலைன்னா போகப் போக மேப்பே இழுத்துக்கும். உடனே யூக்ளிட் தோத்துட்டாரான்னா இல்ல, அவர் சொன்னது தட்டையான பரப்புக்கு, இது வளைஞ்ச பரப்பு. பரப்பை விடுங்க, ஆகாயத்துல நேரா போற வெளிச்சத்தால முக்கோணம் போடலாமேன்னா, 1919 கிரகணத்தப்ப சூரியன் ஓரமா வர்ற நட்சத்திர வெளிச்சம் வளையுதுன்னு பாத்தாங்க, ஐன்ஸ்டைன் கணக்குப்படி ஓரத்துல 1.75 செகண்ட். அப்ப "நேர்கோடு"ன்னு எதைக் காட்டுவீங்க, ஸ்கேலையா, இழுத்துக் கட்டின கயித்தையா, வெளிச்சத்தையா? இது கணக்குக்குள்ள பதில் இருக்கற கேள்வி இல்ல. கணக்கு சொல்றது "இப்படின்னா இப்படி" அவ்வளவு தான், அந்த முதல் "இப்படி" நம்ம உலகத்துல இருக்கான்னு பாக்கறது வேற வேலை. கணக்கோட விதி நிச்சயமா இருக்கற வரைக்கும் அது உலகத்தைப் பத்தி பேசல, உலகத்தைப் பத்தி பேச ஆரம்பிச்சா நிச்சயம் போயிடுதுன்னு ஐன்ஸ்டைனே 1921ல பெர்லின்ல ஒரு உரைல சொன்னார்.

நீங்க சமாளிப்புன்னு நினைச்சு சொன்னீங்களே, புரோட்ராக்டர் உடைஞ்சிருக்குன்னு, அது எனக்கு ரொம்ப பிடிச்சுது. அளவு தப்பா வந்தா தியரி மேல பழி போடணுமா கருவி மேலயான்னு அந்த அளவே சொல்லாது. தியரி எப்பவும் தனியா பரீட்சைக்கு போறதில்ல, கூட்டமா தான் போகும்னு பிரான்ஸ்ல டூயம்னு ஒரு இயற்பியல்காரர் எழுதினது இதைத்தான். யுரேனஸ் கணக்குப்படி நகரலன்னதும் லெவெரியேன்னு ஒரு பிரெஞ்சு வானியல்காரர் நியூட்டன் மேல கை வைக்கல, வெளிய ஒரு புது கிரகம் இழுக்குதுன்னார், 1846ல அவர் சொன்ன இடத்துக்கு பக்கத்துலயே நெப்டியூன் கிடைச்சுது. அதே ஆள் புதன் கிரகம் இடறினப்பவும் 1859ல அதே வித்தையை போட்டார், உள்ள ஒரு கிரகம் இருக்குன்னு. வல்கன்னு பேர் கூட வச்சாச்சு, தேடித் தேடி அலுத்துட்டாங்க, அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. புதனோட பாதைல நூறு வருஷத்துக்கு 43 செகண்ட் இடறல், 1915ல ஐன்ஸ்டைன் நியூட்டனை மாத்தித் தான் தீந்துச்சு. ரெண்டு தடவையும் அந்த மனுஷன் ஒரே நியாயத்துல தான் யோசிச்சார், முன்கூட்டியே எது கிரகம் எது தியரின்னு தெரிஞ்சுக்க அவருக்கு ஒரு வழியும் இல்ல.

மச்சான் விஷயம். கோடலை எல்லாரும் ஊர்ல தேர் இழுக்கற மாதிரி எல்லாத்துக்கும் இழுக்கறாங்க, எனக்கு எரிச்சலா வரும். அவர் சொன்னது, முரண்பாடு இல்லாத, எண் கணிதம் செய்யற அளவுக்கு வலுவான, விதிகளை பட்டியலா கொடுக்க முடியற எந்த அமைப்புலயும், அதுக்குள்ளயே நிரூபிக்கவும் முடியாத மறுக்கவும் முடியாத வாக்கியம் இருக்கும்னு. நிரூபிச்சது ஆடிப் போச்சுன்னு அதுல எங்கயும் இல்ல. இதுல ஒரு தமாஷ், பள்ளிக்கூட ஜாமெட்ரிக்கு கோடல் பிரச்சனையே கிடையாது, அதுல எந்தக் கேள்வியையும் உண்டு இல்லன்னு முடிவு பண்ண முடியும்னு டார்ஸ்கின்னு ஒரு தர்க்கவியல்காரர் காட்டிட்டார். அதனால முக்கோணச் சண்டைக்கு மச்சான் வேற ஆளைப் பிடிக்கட்டும்.

கண்டுபிடிச்சதா உண்டாக்கினதாங்கறதுக்கு எனக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கருத்து மாறும். இன்னைக்கு கேட்டா ஆடு புலி ஆட்டத்தைத் தான் காட்டுவேன். திண்ணைல கட்டம் கீறினது நாம, எத்தனை ஆடு எத்தனை புலின்னு வச்சதும் நாம, ஆனா வச்ச பிறகு இந்த நிலைமைல புலி மாட்டுமா தப்பிக்குமாங்கறது நம்ம இஷ்டத்துல இல்ல. ஹார்டி, அதெல்லாம் ஏற்கனவே வெளில இருக்கு, நாம பாத்து குறிச்சுக்கறோம் அவ்வளவு தான்னு நம்பினவர். எனக்கு அவ்வளவு தைரியம் வரல.

அப்புறம் லாம்டன் கோணம் அளந்த கருவி அரை டன் கனம். 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில் மேல ஏத்தறப்ப கயிறு அறுந்து, மோதி, அதோட வட்டமே நெளிஞ்சு போச்சு. மனுஷன் ஆறு வாரம் டென்ட்டுக்குள்ள உக்காந்து தட்டித் தட்டி நிமித்தினார். உங்க பொண்ணுக்கு புது புரோட்ராக்டர் ஒண்ணு வாங்கிக் கொடுத்து இன்னொரு தடவை அளக்க சொல்லுங்க, வந்த நம்பரை எனக்கு அனுப்புங்க. மூணுலயும் 180ன்னு வந்தா மட்டும் நம்ப மாட்டேன்.