இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்?

வணக்கம் சார்,

நாங்கள் ஆறேழு பேர், கல்லூரிக் காலத்து நண்பர்கள். மாதம் ஒருமுறை போனில் கூடிப் பேசுவோம். வீட்டுக்கதை, வேலைக்கதை எல்லாம் முடிந்தபிறகு 'இப்போ என்ன படிச்சிட்டிருக்கே?' என்று ஒரு சுற்று வரும். எனக்கு அந்தச் சுற்றுதான் பயம். ஆளாளுக்குப் பெரிய பெரிய பெயர்களாகச் சொல்வார்கள். ஒருத்தி வருடத்துக்கு ஐம்பது புத்தகம் என்று இலக்கு வைத்துப் படிக்கிறாள். நான் டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' எடுத்து மூன்று மாதமாகிறது, முப்பது பக்கம்கூடத் தாண்டவில்லை. யாருக்கு யார் என்ன உறவு என்றே பிடிபடவில்லை. ராத்திரி படுக்கும்போது கை தானாக ஒரு துப்பறியும் நாவலுக்குத்தான் போகிறது. உண்மையில் ரசித்துப் படிப்பது அதைத்தான். போன மாதம் கேட்டபோது 'டால்ஸ்டாய் போயிட்டிருக்கு' என்று சொல்லிவைத்தேன்.

இப்படிச் சொல்லிக்கொள்வதில் ஏதாவது பிரயோஜனம் உண்டா, இல்லை எல்லாம் சும்மா ஒரு பெருமைக்கா? டால்ஸ்டாயை விட்டுவிடலாமா? நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள் சார்?

ர.

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' மறுபடியும் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்பது வயதைத் தாண்டியவர், 1940இல் ஆனந்த விகடனில் வாராவாரம் எழுத ஆரம்பித்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமானபோது கதை பாதியில் நின்றுவிட்டது. நான் இப்போது இருக்கும் இடம் உங்கள் கடிதத்துக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வருடம் 1880. சாமிநாதையருக்கு 25 வயது. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன. முன்சீப்பாக, அதாவது கீழ்நீதிமன்ற நீதிபதியாக, மாற்றலாகி வந்திருக்கும் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் சலனமே இல்லை. புராணங்களைச் சொல்லிப் பார்க்கிறார். கம்பனைச் சொல்லிப் பார்க்கிறார். அதற்கும் மசியவில்லை. சரி, சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று முதலியார் கேட்கும்போதுதான் இவருக்கு விஷயம் விளங்குகிறது. அந்தப் புத்தகங்களை இவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆறு தசாப்தம் கழித்து எழுதும்போதும் அந்த உறுத்தல் எழுத்தில் ஆறாமல் இருக்கிறது.

இந்தச் சந்திப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், மேடையில் பேசுகிறவர்கள் விடவே மாட்டார்கள். அதன்பிறகு நடப்பது எனக்கு இன்னும் பிடிக்கும். முதலியார் சீவகசிந்தாமணியின் பிரதி ஒன்றைக் கொடுக்கிறார். படித்தால் பல இடங்கள் புரியவில்லை, சமண சமயச் செய்திகள் குறுக்கே நிற்கின்றன. விசாரித்துக்கொண்டு அதே ஊரிலிருந்த ஒரு சமணர் வீட்டுக்குப் போகிறார். வீடு அலங்காரமாக இருக்கிறது. கோலமும் தோரணமும் தெரிகின்றன. இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்கிறார். சிந்தாமணி படித்துவந்தோம், இன்று பூர்த்தியாயிற்று என்று பதில் வருகிறது.

தமிழ் வித்துவான் ஒருவர் அதுவரை கண்ணால்கூடப் பார்த்திராத காப்பியம், அவர் வேலை பார்க்கும் ஊரிலேயே, வீட்டில் உட்கார்ந்து முறையாகப் படித்து முடிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சமணர்கள் யாரும் அதை ஒளித்துவைக்கவில்லை. அவரும் கேட்டதில்லை, அவர்களுக்கும் சொல்ல வாய்க்கவில்லை, அவ்வளவுதான். பொருள் தெரியாத இடங்களை அவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அவர் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே, பிரயோஜனம் உண்டா என்றால் உண்டு. ஆனால் மேலே சொன்ன இரண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலியார் கேட்டதில் ஒரு பரீட்சை இருந்தது. சமணர் வீட்டில் வந்த பதில் வெறும் சேதி, அதைச் சொன்னவருக்கு யாரிடமும் மதிப்பெண் வாங்க வேண்டியிருக்கவில்லை. உங்கள் மாதாந்தரச் சுற்று எப்போதோ பரீட்சையாக மாறிப்போயிருக்கிறது. அதைத் திரும்பவும் சேதியாக்க ஒருவர் துணிந்தால் போதும்.

'எனக்குப் பிடித்த பத்துப் புத்தகங்கள்' வகைப் பட்டியல்களில் எனக்கு நாட்டமில்லை. அவை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், போட்டவர் யார் என்பதை மறைத்துவிட்டால் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. முடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். 'அருமையான நாவல்', 'கட்டாயம் படிக்கணும்', முடிந்தது கதை. பாதியில் இருப்பவரால் அப்படிச் சொல்ல முடியாது. அவர் கையில் இருப்பது ஒரு பக்கம், ஒரு காட்சி, ஒரு சந்தேகம். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நல்ல நாவல் என்று என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், நானும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். ஒருவர் மட்டும் போனில், 'டீச்சரம்மா ஜமுனாகிட்ட தன் கல்யாணத்தைப் பத்திச் சொல்ற இடத்துல நிக்கிறேன், அதுக்கு மேல இன்னிக்கு முடியலை' என்றார். அன்று ராத்திரியே நான் அதை அலமாரியிலிருந்து எடுத்தேன்.

ஐம்பது புத்தகத் தோழியைப் பற்றி: பாவம், இருந்துவிட்டுப் போகட்டும். படித்த புத்தகங்களைக் குறித்துவைக்கும் குட்ரீட்ஸ் மாதிரி இணையதளங்கள் வந்தபிறகு வருடக் கணக்கு வைத்துப் படிப்பது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. டிசம்பர் வந்தால் இலக்கு வைத்தவர்கள் ஒல்லியான புத்தகங்களாகத் தேடுவார்கள், பார்த்திருக்கிறேன். கணக்குத்தான் வேண்டுமென்றால் மொந்தேய்ன் செய்ததுபோல் செய்யலாம். பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர், ஞாபகசக்தி தனக்குக் கிடையாது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். முன்னால் படித்துக் குறிப்பெழுதிய புத்தகத்தையே புதுசு என்று நினைத்து மறுபடி எடுத்திருக்கிறார். அதனால் ஒவ்வொன்றின் கடைசியிலும் முடித்த தேதியையும் ஆசிரியரைப் பற்றித் தனக்கு மொத்தத்தில் என்ன தோன்றியது என்பதையும் எழுதிவைக்க ஆரம்பித்தார். எண்ணிக்கையைவிட அந்த நாலு வரி மேல்.

இனி உங்கள் துப்பறியும் நாவல். அதன் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை, கவனித்தேன். டால்ஸ்டாய்க்குப் பெயர் உண்டு, உங்களை ராத்திரி தூங்கவிடாத புத்தகத்துக்குப் பெயர் இல்லை!

இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தத்துவவாதி விட்கென்ஸ்டைன் அமெரிக்கத் துப்பறியும் பத்திரிகைகளை விடாமல் படித்தவர். அவற்றை நண்பர் ஒருவர் அங்கிருந்து தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். டார்வின் கதை இன்னும் வேடிக்கை. வயதானபிறகு ஷேக்ஸ்பியரைத் திறந்தால் சலித்துக் குமட்டுகிறது என்று சுயசரிதையில் எழுதுகிறார். ஆனால் தினமும் வீட்டில் யாராவது நாவல் படித்துக்காட்ட வேண்டும். நாவலாசிரியர்களை எல்லாம் வாழ்த்துகிறார். சோகமாக முடியும் நாவலுக்கு எதிராக ஒரு சட்டமே போட வேண்டும் என்கிறார். பரிணாமக் கொள்கையை எழுதிய கை அதையும் கூசாமல் எழுதியது.

தவிர, துப்பறியும் நாவல் படிப்பவர்கள் மேம்போக்காகப் படிப்பவர்கள் என்பது சுத்த அபாண்டம். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1929இல் இந்த வகைக் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். துப்பறிபவர் கண்ணில் படும் தடயம் உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும் என்பது அதில் ஒன்று. அதாவது விடை உங்கள் முன்னாலேயே கிடக்கிறது, ஒரு சாதாரண வாக்கியத்துக்குள். கழற்றிவைத்த கடிகாரத்தையும் சாத்தியிருந்த ஜன்னலையும் நீங்கள் விடாமல் கவனிக்கிறீர்கள். பெரிய நாவல்களை அந்தக் கவனத்தோடு படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம்தான். அடுத்தமுறை உங்கள் சுற்று வரும்போது அந்தப் புத்தகத்தைச் சொல்லுங்கள். யார்மேல் சந்தேகம், ஏன் சந்தேகம் என்று நிற்கும் பக்கத்திலிருந்தே சொல்லுங்கள். உங்கள் பேச்சு அன்றைக்கு நீளும். முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

டால்ஸ்டாய்க்கு வருகிறேன். முப்பது பக்கத்தில் நிற்கிறீர்கள் என்றால் இன்னும் 1805 ஜூலையில், அன்னா பாவ்லவ்னாவின் வரவேற்பறையில் இருக்கிறீர்கள், அல்லது இப்போதுதான் அங்கிருந்து வெளியே வந்திருக்கிறீர்கள். அந்த இடத்தில் திணறாதவர்கள் குறைவு. இளவரசர்கள், சீமாட்டிகள், பிரெஞ்சுப் பேச்சு, யார் பேசுகிறார்கள் என்று பிடிபடுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். உறவு பிடிபடாததற்குக் காரணம் உங்கள் மண்டை அல்ல. ருஷ்யர்களுக்குச் சொந்தப் பெயர், அப்பா பெயரை ஒட்டிவரும் பெயர், குடும்பப் பெயர், போதாக்குறைக்குச் செல்லப் பெயர். நத்தாலியாவும் நத்தாஷாவும் ஒரே பெண்தான். ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளே வைத்துக்கொண்டு, பெஸூஹவ், பல்கோன்ஸ்கி, ரஸ்தோவ், குராகின் என்று நாலு குடும்பத்தை மட்டும் எழுதி, வர வர ஆட்களை அதன்கீழ் சேர்த்துக்கொண்டே போங்கள். துப்பறியும் நாவலில் மனசுக்குள் செய்கிற வேலைதான்.

இன்னும் கொஞ்ச பக்கத்தில் ரஸ்தோவ் வீடு வரும். பதின்மூன்று வயது நத்தாஷா பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் ஓடிவந்து நிற்பாள். பாவாடை மடிப்புக்குள் ஒரு பொம்மையை ஒளித்துவைத்திருப்பாள், சிரிப்பை அடக்க முடியாமல் ஏதோ சொல்ல வருவாள். அதுவரை புத்தகம் மூச்சுவிடாது, அங்கேதான் விடும். அதற்குப் பிறகும் ஒட்டவில்லையென்றால் முதல் தொகுதியின் கடைசிவரை எனக்காகப் போய்ப் பாருங்கள். ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களத்தில் ஆந்த்ரேய் பல்கோன்ஸ்கி அடிபட்டு மல்லாந்து கிடந்து, இத்தனை நாள் இந்த வானத்தை எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று நினைக்கிற இடம். அதுவும் உங்களை ஒன்றும் செய்யவில்லையென்றால் மூடிவைத்துவிடுங்கள். அடுத்த மாதம் போனில் 'டால்ஸ்டாயை இந்தப் பக்கத்தோட விட்டுட்டேன், இதனாலதான் விட்டேன்' என்று பக்க எண்ணோடு சொல்லிவிடுங்கள். ஐம்பது புத்தகக்காரியும் எங்கே விட்டாள் என்று சொல்ல ஆரம்பிக்கக்கூடும்.

அன்புடன்