மறைவுக்குப் பின் வந்த நூல் யாருடையது?

கேள்வி: ஆபிரிக்க அமெரிக்க எழுத்தாளர் ரொனி கேட் பம்பாரா மறைந்த பின்னர் வெளிவந்த 'டீப் சைட்டிங்ஸ் அண்ட் ரெஸ்கியூ மிஷன்ஸ்' நூலை அண்மையில் வாசித்தேன். சிறுகதைகள், கட்டுரைகள், நேர்காணல் எல்லாம் ஒரே கட்டில் இருக்கின்றன. எழுத்தாளர் தாமே பார்த்து ஒப்புதல் தராத இத்தகைய தொகுப்பை அவருடைய நூல் என்று கொள்ளலாமா?
- ஓர் ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: இந்த நூலைப் பொறுத்தவரை தாராளமாகக் கொள்ளலாம். பம்பாரா 1995 டிசெம்பரில் புற்றுநோயால் மறைந்தபோது அவருக்கு வயது 56. அடுத்த ஆண்டே இதைத் தொகுத்து முன்னுரையும் எழுதிய ரொனி மொரிசன், ரண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் பணியாற்றிய காலத்திலிருந்தே பம்பாராவின் எழுத்துகளைச் செம்மைப்படுத்தி வந்தவர். அவருக்கு நெருங்கிய தோழியுமாவார்.

கதைகளுக்கு அருகே கட்டுரைகளை வைத்தது பக்கம் நிரப்புவதற்காக அன்று. 1977க்குப் பின் பம்பாரா சிறுகதைத் தொகுதி எதையும் வெளியிடவில்லை. பிற்காலத்தில் அவருடைய உழைப்பில் பெரும்பங்கு திரைப்படத்துக்கே சென்றது. ஜூலி டாஷின் 'டோட்டர்ஸ் ஒஃப் த டஸ்ட்' படத்தைப் பற்றி இந்நூலில் உள்ள நீண்ட கட்டுரையில், எவரும் இன்னொருவருடைய கதைக்கு வெறும் பின்னணியாகிவிடாதபடி எல்லோருக்கும் இடம் பகிர்ந்து கொடுக்கும் கமராவை அவர் வியந்து பேசுகிறார். அதை வாசித்துவிட்டு 'த வோர் ஒஃப் த வோல்' கதைக்குத் திரும்பிப் பாருங்கள். வியட்நாம் போரில் இறந்த தங்கள் ஊர்ப் பையனின் பெயர் பொறித்த மதிலில் வெளியூர்ப் பெண்ணொருத்தி ஓவியம் தீட்ட வந்ததும் கொதித்தெழும் பிள்ளைகள், அவளுக்குச் சாப்பாடு கொண்டுவரும் அயலவர்கள், இறுதியில் அந்த ஓவியத்திலேயே தங்கள் முகங்களைக் காணும் தெருவார் என எல்லோரும் அங்கே முன்னால் நிற்கிறார்கள். கட்டுரையில் அவர் விளக்கிய பார்வையைக் கதை செய்து காட்டுகிறது. 2019இன் இறுதியில் கொழும்பு மதில்கள் ஓவியங்களால் நிறைந்ததைக் கண்ட உங்கள் மாணவர்களுக்கு, யாருடைய மதிலில் யார் வரைவது என்ற கேள்வி எளிதில் புரியும்.

நீங்கள் எழுப்பிய ஐயம் வலுவாகப் பொருந்துவது 1999இல் வெளியான அவருடைய நாவலுக்கு. அட்லாண்டாவில் கறுப்பினச் சிறுவர்கள் கொல்லப்பட்ட கொடுமையைப் பற்றி அவர் பல்லாண்டுகள் எழுதிவைத்த பெரும் கையெழுத்துப் பிரதியை மொரிசனே வெட்டிச் சுருக்கினார். அங்கே எதை நீக்கினார் என்று கேட்பதற்கு வாசகருக்கு உரிமை உண்டு. நம்மிடையே 1991இல் மறைந்த சிவரமணி தம் கவிதைகள் பலவற்றைத் தம் கையாலேயே எரித்துவிட்டார்; அவர் மறைவுக்குப் பின் எஞ்சியவற்றைத் தொகுத்தவர்களின் பொறுப்பு வேறுவகைப்பட்டது, இன்னும் கனமானது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

வகுப்பில் இந்நூலைப் பயன்படுத்த எண்ணினால் நேர்காணலிலிருந்து தொடங்குங்கள். 'பம்பாரா' என்ற பெயரைத் தமதாக்கிக்கொண்டதை அவர் தம் வாயாலேயே சொல்கிறார்.