மைட் மருந்து அடித்ததும் பாம்பு தள்ளாடுகிறதே?

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். மகன் வளர்க்கும் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பின் தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் சிந்தியதுபோலக் கறுப்புப் புள்ளிகள் கிடந்தன. மைட், அதாவது பாம்பின் ரத்தத்தை உறிஞ்சும் சிற்றுண்ணி என்றார்கள். கடையில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி ஸ்பிரே வாங்கித் தொட்டிக்குள் அடித்து, அரை மணி நேரத்தில் பாம்பை உள்ளே விட்டோம். இன்று தலை ஆடுகிறது, மல்லாந்தால் புரள முடியவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? வேறு எதை வாங்கலாம்?

பதில்: முதலில் பாம்பை அந்தத் தொட்டியிலிருந்து எடுங்கள். தலை மூழ்காமல் வெதுவெதுப்பான நீரில் உடம்பைக் கழுவி, பேப்பர் டவல் விரித்த, காற்றோட்டமுள்ள புதுப் பெட்டியில் வையுங்கள். அப்புறம், மருந்து டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், இன்றைக்கே. டைக்ளோர்வாஸ் போன்ற வேறு வகைப் பூச்சிக்கொல்லியின் நச்சுக்கு அட்ரோபின் முறிவு மருந்து. பெர்மெத்ரினுக்கு அது முறிவாகாது. அதனால் டப்பாவில் இருக்கும் பெயர் அவருக்கு அவசியம்.

வாங்கிய நாளிலிருந்தே தலை ஆடியதா என்றும் மகனிடம் கேளுங்கள். 'ஸ்பைடர்' வகைப் பால் பைத்தான்களுக்கு அது பிறவியிலேயே உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்தது என்றால், மருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெர்மெத்ரின் நரம்பை ஓயாமல் துடிக்க வைக்கும். பாம்பின் உடல் அதை மெதுவாகத்தான் வெளியேற்றும். குட்டிக்கும் நீர் வற்றிய பாம்புக்கும் பாதிப்பு கூடுதல்.

இதைப் பாம்பின் ஒவ்வாமை என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. அரை மணி நேரத்தில் அடித்தது காய்ந்திருக்குமா? தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே எடுத்தீர்களா? பாம்புத் தொட்டிக்கென விற்கும் பெர்மெத்ரின் 0.5% அளவில் இருக்கும். அதையும் காலித் தொட்டியில் அடித்து, முழுக்கக் காயவிட்டுத்தான் பாம்பை விட வேண்டும். நாய் முதுகில் விடும் சொட்டு மருந்து சிலவற்றில் 40 சதவீதத்துக்கும் மேல். லேபிளில் பாம்பு என்றோ ஊர்வன என்றோ இல்லையென்றால், அதைப் பாம்புக்கென்று எடுத்துக் கொடுத்த கடையிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பில்லையும் டப்பாவையும் எறியாதீர்கள். லேபிளில் உள்ள இ.பி.ஏ. (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) பதிவு எண்ணைச் சொல்லித் தயாரிப்பாளரிடமும் புகார் செய்யலாம்.

மைட்? அது இன்னும் போயிருக்காது. முட்டைகள் தொட்டியின் இடுக்குகளில் இருக்கும். முட்டை முழு மைட்டாக ஏறத்தாழ இரண்டு வாரம். தொட்டியில் விரித்த மரப்பட்டை இருந்தால் கொட்டிவிட்டு, பேப்பர் டவலைத் தினமும் மாற்றுங்கள். பூந்தொட்டிகளுக்கென விற்கும், மைட்டைத் தின்னும் மைட்டையும் சிலர் வாங்கி விடுகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் புதுப் பெட்டியில் விடுங்கள்; மருந்து அடித்த பழைய தொட்டியில் விட்டால் அவையும் செத்துவிடும்.