அப்பாவிடம் பேசினாலே சண்டையாகிறது

கேள்வி: பாம்பனில் எங்களுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. கடன் ஏறிக்கொண்டே போகிறது, விற்றுவிடலாம் என்கிறேன். "படகை வித்துட்டு யார் வீட்டுத் திண்ணையிலடா நான் உட்காருறது?" என்று அப்பா கத்துகிறார், நான் வட்டிக் கணக்கைச் சொல்லிக் கத்துகிறேன். போன வாரம் பேச்சின் பாதியில் எழுந்து போய்விட்டேன். அன்றிலிருந்து என்னோடு அவர் சாப்பிட உட்காருவதில்லை. கோபப்படாமல் பேசுவது எப்படி?

பதில்: தம்பி, நீங்கள் எழுந்து போனது தப்பில்லை, எப்போது வருவேன் என்று சொல்லாமல் போனதுதான் தப்பு. கணவன் மனைவி சண்டைகளைப் பல வருடம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது மண்டையில் ஏறாது, உடம்பு தணிய 20 நிமிடமாவது வேண்டும் என்கிறார். அப்பா மகன் சண்டைக்கும் இது பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்ததும், "அப்பா, எனக்குக் கோபம் வருது, கரை வரைக்கும் போயிட்டு அரை மணி நேரத்துல வர்றேன், வந்து பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வந்தும் விடுங்கள். போகிற வழியெல்லாம் அவரை எப்படி மடக்கலாம் என்று யோசித்தால் கோபம் தணியாது.

அப்புறம், அந்தத் திண்ணை வரியைத் தாண்டிப் போக எனக்கு மனசே வரவில்லை. அவர் கேட்டது பணத்தைப் பற்றி இல்லையே, அதற்கு வட்டிக் கணக்கு எப்படிப் பதிலாகும்? "படகு இல்லேன்னா ஊர்ல மதிப்பு போயிரும்னு நினைக்கிறீங்களாப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் புரிந்துகொண்டது தப்பென்றால் அவரே திருத்துவார், திருத்தட்டும், குறுக்கே பேசாதீர்கள். காது கொடுத்துக் கேட்டதாலேயே நீங்கள் சம்மதித்ததாக ஆகிவிடாது.

இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போக முடியாமல், வருமானமும் இல்லாமல் கரையில் இருக்கிறவருக்குச் சின்னச் சொல்லும் சுடும். ஆனால் வலையைச் சரிபார்க்க அவர் உட்காருவதும் இந்த நாட்களில்தான். முகத்துக்கு நேரே உட்கார்ந்து பேசுவதைவிட, வலையின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். முதல் நாள் விற்கிற பேச்சே வேண்டாம், அந்தப் படகை அவர் எப்படி வாங்கினார் என்று கேளுங்கள். விற்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசலாம், படகு இறங்க இன்னும் நாள் இருக்கிறது.