மஞ்சப்பையில் பட்டாவோடு வந்த அப்பாவுக்கு

போன வாரம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு நத்தத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, மகள், கூடவே பெரியப்பா. மகள் நீட்டில் தகுதி பெற்றுவிட்டாள். அரசு இடத்துக்கு அந்த மதிப்பெண் போதாது. "வெளிநாட்டில் எம்பிபிஎஸ் சேர்த்துவிடலாம், ஏஜென்ட் நமக்கு வேண்டப்பட்டவர்தான்" என்றார் பெரியப்பா. அப்பா மஞ்சப்பையிலிருந்து மாந்தோப்பின் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எடுத்து மேசையில் வைத்தார்.

கவலைப்படாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தவன், பட்டாவைப் பார்த்ததும் வேறு மாதிரி பேச வேண்டியதாகிவிட்டது. வெளிநாட்டில் முடித்து வந்தாலும் இங்கே டாக்டராகப் பதிவுசெய்ய எஃப்எம்ஜிஇ தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். அண்மையில் நடந்த பல தேர்வுகளில் எழுதியவர்களில் மூன்றில் ஒருவர்கூடத் தேறவில்லை. எந்த ஏஜென்டும் இதை நோட்டீஸில் போடுவதில்லை.

அப்புறம் மகளிடம் பேசினேன். பாட்டிக்கு மறதிநோய், பேத்தி பெயரே நினைவில்லை. "ஆனா மல்லியும் நூலும் மடியில வச்சா கை தானா கட்டும் சார். மொத்தமா கொட்டினா குழம்பிடுவாங்க. நாலு நாலு பூவா எடுத்து வைப்பேன்" என்றாள். பெரியப்பா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவள் செய்வது, நோயோ முதுமையோ தடுத்தாலும் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி என்னும் படிப்பின் அடிப்படை வேலை.

முதியோர் மனநலம் என்றாலே டாக்டர்தான் என்று நினைக்கிறோம். நெதர்லாந்தின் நைமேகனில் மாட் கிராஃப் என்பவர் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். மறதிநோய் வந்த 135 முதியவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் வைத்து அவர் குழு செய்த ஆய்வு 2006-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஐந்து வாரத்தில் பத்து முறை தெரபிஸ்ட் வீட்டுக்கே போவார். முதல் நான்கு முறை கேட்பதும் கவனிப்பதும்தான்: இவருக்கு எந்த வேலை முக்கியம், எந்த இடத்தில் தடுமாறுகிறார், வீட்டில் எது குறுக்கே நிற்கிறது. மீதி ஆறு முறை, அந்த வேலையைச் செய்ய ஏற்ற மாதிரி வழியையும் வீட்டையும் மாற்றிப் பழக்குவது; பார்த்துக்கொள்பவருக்கும் பயிற்சி. அன்றாட வேலைகள் முன்னேறின, பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் இருந்தது. 2008-இல் செலவுக் கணக்கும் வெளியிட்டார்கள்; மிச்சமானதில் பெரும்பங்கு வீட்டார் பார்த்துக்கொள்ளச் செலவிடும் நேரம்.

ஜெர்மனியில் இதையே செய்து பார்த்தபோது ஒரே ஒரு ஆலோசனை பெற்றவர்களைவிட அதிகப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு நாட்டு வீட்டுக்குச் சரிப்பட்டது இன்னொரு நாட்டில் அப்படியே எடுபடும் என்று சொல்ல முடியாது. நம் வீடுகளை அறிந்த ஆட்கள் தேவைப்படுவது அதனால்தான். சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்னும் மனநல நிறுவனம், இங்கிலாந்தில் உருவான நினைவுத் தூண்டல் குழுப் பயிற்சியை நம் ஊருக்கேற்ப மாற்றி நடத்திப் பார்த்திருக்கிறது. 60 வயது தாண்டிய இந்தியர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதிநோய் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. அவர்களுக்கு மருந்துச் சீட்டு மட்டும் போதாது.

சரி, இந்தப் படிப்பில் குறைகளும் உண்டு. தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது. கல்யாண வீட்டில் "பிசியோவா?" என்று கேட்பார்கள், ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிவரும்.

ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்பான பி.ஓ.டி. வேலூர் சி.எம்.சி.யிலும் வேறு சில கல்லூரிகளிலும் இருக்கிறது. இந்த ஆண்டுச் சேர்க்கை விதியை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை உண்டா, மனநலப் பிரிவிலும் முதியோர் பிரிவிலும் மாணவர்களைப் பணிக்கு அனுப்புகிறார்களா? பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டணத்தை விடுதியோடு சேர்த்து மொத்தமாக எழுதி வாங்குங்கள். உங்கள் வருமானத்தில் தாங்காது என்றால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

பெரியப்பாவுக்கு என் மேல் கோபம் இருக்கலாம், இருக்கட்டும். படிக்கப் போவது அவர் இல்லை. விண்ணப்பம் போடுமுன் மகள் இரண்டு நாள், மறதிநோய் வந்தவர்களைப் பார்க்கும் ஒரு நினைவு கிளினிக்கில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பட்டா பழைய பெட்டிக்கே போகட்டும்.