பிபிசியே பார்க்காத வீட்டுக்கு பிபிசி வழக்கா?

கேள்வி: கிழக்கு லண்டனில் வாடகை வீட்டில் நானும் கணவரும் அவருடைய அம்மாவான 77 வயது மாமியும் இருக்கிறோம். மாமி பகல் முழுக்கத் தமிழ் சேனல்தான் பார்ப்பார், இன்டர்நெட் பெட்டி வழியாக. பிபிசி பக்கமே போவதில்லை என்பதால் டிவி லைசென்ஸ் எடுக்கவில்லை. வந்த கடிதங்களையும் குப்பையில் போட்டுவிட்டேன். சில மாதங்களுக்கு முன் ஒருவர் கதவைத் தட்டினார். உள்ளே சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு உண்மையைச் சொல்லி, அவர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன். இப்போது என் பெயருக்கு வழக்குக் கடிதம் வந்திருக்கிறது. டிவி கணவருடையது, பார்த்தது மாமி. நான் எப்படிக் குற்றவாளி? குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இருக்கும் நேரத்தில் பயமாக இருக்கிறது.

பதில்: முதல் வேலையாக அந்தக் கடிதத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள். பதில் அனுப்ப 21 நாள்தான் அவகாசம். இதையும் குப்பையில் போட்டால் ஒரு மாஜிஸ்திரேட் காகிதங்களை மட்டும் பார்த்து, நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதிவிடுவார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'பிபிசி பார்க்கவில்லை' என்ற வாதம் எடுபடாது. லைசென்ஸ் என்ற பெயர்தான் எல்லோரையும் குழப்புகிறது. பணம் பிபிசிக்குப் போனாலும், அது பிபிசி பார்ப்பதற்கான சந்தா அல்ல. ஒளிபரப்பாகும் நேரத்திலேயே ஒரு சேனலைப் பார்ப்பதற்கான அனுமதி. அந்தச் சேனல் சென்னையிலிருந்து வந்தாலும், டிஷ், பெட்டி, ஃபோன் எதில் பார்த்தாலும் லைசென்ஸ் வேண்டும். 2016 செப்டம்பரிலிருந்து பிபிசியின் இன்டர்நெட் சேவையான ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சியைப் பார்க்கவும் வேண்டும். அதே சீரியலின் நேற்றைய பகுதியை மாமி இன்று யூடியூபிலோ சேனலின் ஆப்பிலோ பார்த்திருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. ஆறரை மணி சீரியலை ஆறரைக்கே பார்த்ததுதான் குற்றம்! (அந்தப் பெட்டி மாதம் பத்துப் பவுண்டுக்கு உலகத்துச் சேனல் எல்லாம் தரும் ரகம் என்றால், அது காப்புரிமைச் சிக்கல். அதைத் தனியாகப் பேசுவோம்.)

நீங்கள் ஏன் மாட்டினீர்கள்? 2003ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம், பிரிவு 363, டிவியைப் பயன்படுத்துபவரை மட்டும் சொல்லவில்லை. டிவி ஒருவர் பொறுப்பில் இருந்து, வேறொருவர் லைசென்ஸ் இல்லாமல் அதில் பார்க்கிறார் என்று தெரிந்திருந்தாலும் குற்றம்தான். ஆக, சட்டப்படி மூன்று பேரில் யார் மீதும் வழக்குப் போட்டிருக்கலாம். நடைமுறையில் யார் கதவைத் திறக்கிறாரோ அவர் பெயர்தான் படிவத்தில் ஏறுகிறது. இந்தக் குற்றத்தில் தண்டனை பெறுபவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பகலில் வீட்டில் இருப்பது அவர்கள்தானே.

கதவைத் தட்டிய அந்த லைசென்ஸ் அதிகாரியை நீங்கள் உள்ளே விட்டிருக்க வேண்டியதில்லை, ஒரு கேள்விக்கும் பதில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மாஜிஸ்திரேட் கொடுத்த வாரண்ட் கையில் இருந்தால்தான் தடுக்கக்கூடாது. சரி, அது முடிந்த கதை. கேள்வி கேட்கும் முன் 'நீங்கள் சொல்வது சாட்சியமாகும்' என்ற எச்சரிக்கையை அவர் சொன்னாரா? எழுதியது என்ன என்று புரிந்துதான் கையெழுத்திட்டீர்களா? இரண்டுக்கும் 'இல்லை' என்றால், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கடிதத்தைக் காட்டுங்கள். வழக்கை நேரில் விசாரிக்கும்படி கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

அவர் முறைப்படிதான் நடந்துகொண்டார் என்றால், வீம்பு வேண்டாம். இன்றே லைசென்ஸ் எடுங்கள்; 2025 ஏப்ரலில் அதை ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆக்கினார்கள். எடுத்த ரசீதை இணைத்து, இது முதல் தடவை என்று வழக்குப் போட்டவர்களுக்கே எழுதுங்கள். சில வழக்குகளை அவர்கள் அத்தோடு விட்டுவிடுவதுண்டு. விடாவிட்டாலும் நஷ்டமில்லை: சட்டம் 1,000 பவுண்டு வரை அபராதம் போடலாம் என்றாலும், வருமானம், உடனே ஒப்புக்கொண்டது, பிறகு லைசென்ஸ் எடுத்தது எல்லாம் தொகையைக் குறைக்கும். வழக்குச் செலவு தனி. இந்தக் குற்றத்துக்கு நேரடியாகச் சிறை கிடையாது. அபராதத்தைக் கட்டாமல் இழுத்தடித்தால்தான் அந்த ஆபத்து.

குடியுரிமைப் படிவத்தில் நீதிமன்றத் தண்டனை பற்றிக் கேட்பார்கள். எழுதிவிடுங்கள். டிவி லைசென்ஸ் அபராதத்தை விட, அதை மறைத்தது தெரியவந்தால் வரும் தொல்லை பெரிது.

மாமிக்கு பென்ஷன் கிரெடிட், அதாவது வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவி, கிடைக்கிறதா? 75 வயது தாண்டிய எல்லோருக்கும் இருந்த இலவச லைசென்ஸ் 2020 ஆகஸ்டிலிருந்து அந்த உதவி பெறுபவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. கிடைத்தால் மாமி பெயரில் லைசென்ஸ் எடுங்கள்; வீட்டில் எல்லோருக்கும் அது போதும். பென்ஷன் கிரெடிட்டுக்கு மகனின் சம்பளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் அரச உதவி பெறக்கூடாது என்று மாமியின் விசாவில் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

'இது அநியாயம் இல்லையா' என்று நீங்கள் கேட்காவிட்டாலும், இந்நாடே கேட்டுக்கொண்டிருக்கிறது. கரண்ட் பில் பாக்கி வெறும் கடன், டிவி லைசென்ஸ் இல்லாதது குற்றம். இது எனக்கும் ஒப்பவில்லை. இதைக் குற்றமல்ல என்றாக்கலாமா என்று அரசு 2020இல் கருத்துக் கேட்டது. 2021 ஜனவரியில் இப்போதைக்கு மாற்றமில்லை என்றது. ஜெர்மனியில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: 2013 முதல் அங்கே டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு கட்டணம். கதவைத் தட்டி 'என்ன பார்க்கிறீர்கள்' என்று கேட்கும் வேலை இல்லை, தப்பிக்கவும் வழியில்லை.

பணம் போகும் இடம் பற்றி எனக்கு அவ்வளவு கசப்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் பிபிசி தமிழோசை கேட்ட தலைமுறை நாங்கள். அப்போது அதற்குப் படியளந்தது பிரிட்டனின் வெளியுறவு அலுவலகம். 2014 ஏப்ரலிலிருந்து பிபிசி உலக சேவைக்கு, தமிழ்ப் பிரிவு உட்பட, பெரும்பங்கு பணம் இந்த லைசென்ஸ் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. பிபிசி இயங்குவதற்கான அரச சாசனம் 2027 டிசம்பர் 31 வரை. அதற்குப் பிறகு கட்டணம் எந்த உருவில் வந்தாலும், உங்கள் வழக்கை நடந்த நாளில் இருந்த சட்டப்படிதான் பார்ப்பார்கள். சட்டம் மாறட்டும் என்று காத்திருந்தால் அந்த 21 நாள் போய்விடும்.