மிசோ சூப் சைவமா? சர்வீஸ் சார்ஜ் கட்டித்தான் ஆகணுமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீசிட்டி பக்கமெல்லாம் ஜப்பானியக் கம்பெனிகள் வந்த பிறகு, அந்த ஊர்க்காரர்களை நம்பிச் சென்னையில் ஜப்பானியச் சாப்பாட்டுக் கடைகளும் வந்தன. இப்போது சனி, ஞாயிறுகளில் நம் குடும்பங்களும் அங்கே இடம் பிடிக்கக் காத்திருக்கின்றன. அங்கே சாப்பிட்டு வந்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை.

கேள்வி: மூன்று பேர் சாப்பிட்டோம். சாப்பாட்டுக்கு 3,200 ரூபாய். பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் சேர்ந்திருந்தது. கேட்டதற்கு, "மெனுவின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறோமே" என்றார் மேனேஜர். அது கட்டாயமா? — கோடம்பாக்கம் வாசகர்

கட்டாயம் இல்லை. மெனுவில் அச்சடித்துவிட்டால் மட்டும் அது கட்டாயம் ஆகிவிடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. சர்வீஸ் சார்ஜை ஓட்டல்காரர்கள் தாங்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் சூட்டியும் வாங்கக் கூடாது, கொடுக்க மறுப்பவரை உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஓட்டல் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. சங்கங்கள் அதை எதிர்த்து மேல்முறையீடும் செய்தன.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். 3,200 ரூபாய்க்கு 10 சதவீதம் என்றால் 320. இரண்டும் சேர்ந்து 3,520. இந்த மொத்தத்தின் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி போட்டிருப்பார்கள், அது 176. ஆகமொத்தம் 3,696 கட்டியிருப்பீர்கள். சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 3,200க்கு 160 ரூபாய் வரி, மொத்தம் 3,360. வித்தியாசம் 320 இல்லை, 336. அந்த உபரிப் பதினாறு ரூபாய், கொடுக்கத் தேவையே இல்லாத தொகைக்கு நீங்கள் கட்டிய வரி.

அடுத்த முறை கார்டை நீட்டுவதற்கு முன்னால் பில்லை ஒரு தடவை மேலிருந்து கீழே படியுங்கள். "சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்" என்று சத்தம் போடாமல் சொன்னாலே பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் அங்கேயே மல்லுக்கு நிற்க வேண்டாம். பணத்தைக் கட்டி, பில்லைப் பத்திரப்படுத்தி, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

பரிமாறிய பையன் நன்றாகக் கவனித்தானா, அவன் கையிலேயே ஏதாவது கொடுங்கள். ஜப்பானில் டிப்ஸ் பழக்கமே கிடையாது. மேஜையில் காசு வைத்துவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். சென்னையில் அந்த ஆபத்து இல்லை.

கேள்வி: பெரிய நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கும் ஜப்பானிய ரெஸ்டாரண்டில் 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள். வெளியே 5 சதவீதம்தானே? — அண்ணா நகர் வாசகி

இது சரிதான். தனியாக இருக்கும் ரெஸ்டாரண்டுக்கு 5 சதவீதம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் ஓட்டலின் வளாகத்துக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டுக்கு 18 சதவீதம். நீங்கள் அறை எடுக்காமல் சாப்பிட மட்டும் போயிருந்தாலும் அதே வரிதான். மெனுவில் 1,000 ரூபாய் என்று இருந்தால் மனதுக்குள் 1,180 என்று படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். "வெஜ்" என்ற தலைப்பின் கீழே இருந்த மிசோ சூப்பும் (புளிக்கவைத்த சோயா விழுது கரைத்த சூப்) டோஃபுவும் (சோயா பன்னீர்) சாப்பிட்டோம். பிறகுதான், அந்த சூப்பில் மீன் இருக்கும் என்று தோழி சொன்னாள். உண்மையா? — மயிலாப்பூர் வாசகி

பெரும்பாலும் உண்மை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

நமக்குப் புளித்தண்ணீரும் பருப்புத்தண்ணீரும் எப்படியோ, ஜப்பானியச் சமையலுக்குத் "தாஷி" அப்படி. சூப், நூடுல்ஸ், தொட்டுக்கொள்ளும் சாஸ், வேகவைத்த காய் என்று எல்லாவற்றுக்கும் அடியில் அதுதான் இருக்கும். அந்தத் தாஷியைப் பெரும்பாலும் "கொம்பு" என்ற கடல்பாசியும் "கட்சுவோபுஷி"யும் போட்டுத்தான் இறக்குகிறார்கள். கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டை போலக் காயவைத்து, மெல்லிய சீவல்களாகச் சீவியது. தூத்துக்குடி, கன்னியாகுமரிக்காரர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் இதை விளக்கவே வேண்டாம். நம் மாசிக்கருவாட்டுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. மீனும் ஒன்று, முறையும் ஏறக்குறைய ஒன்று. சூடான பண்டத்தின் மேல் அந்தச் சீவலைத் தூவினால், ஆவி பட்டு உயிருள்ளது போல நெளியும். முதல் முறை பார்த்தபோது என் பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

சிக்கல் என்னவென்றால், தாஷி வடிகட்டிய தண்ணீர். கிண்ணத்தில் மீன் கண்ணுக்குத் தெரியாது. சர்வருக்கே தெரியாமல் இருக்கலாம். "இது வெஜ்ஜா?" என்று கேட்டால் டோஃபுவையும் வெங்காயத்தாளையும் மனதில் வைத்து "வெஜ்தான் மேடம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் போதவில்லை. "தாஷி எதில் போட்டது? கொம்பா, மீனா?" என்று கேளுங்கள். சர்வர் விழித்தால், "சமையல்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள்" என்று அனுப்புங்கள். கொம்பும் காய்ந்த ஷிடாகே காளானும் மட்டும் போட்ட தாஷி உண்டு. ஜப்பானில் புத்தக் கோவில்களின் சமையலே அப்படித்தான். கேட்டால் செய்துதரும் இடங்களும் இருக்கின்றன. அந்தக் கொம்புத் தாஷியின் ருசி எங்கிருந்து வருகிறது என்று 1908இல் ஆராய்ந்தவர் கிகுனே இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர். அதிலிருந்து பிறந்ததுதான் நம் பெட்டிக்கடைவரை வந்துசேர்ந்த அஜினமோட்டோ.

மீன் ஒளிந்திருக்கும் வேறு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். காய்கறி டெம்புரா, அதாவது மாவில் தோய்த்துப் பொரித்த காய், சைவமாகத் தெரியும். ஆனால் மாவில் முட்டை இருக்கலாம், இறால் பொரித்த அதே எண்ணெயில் பொரித்திருக்கலாம், கூட வரும் சாஸில் தாஷி இருக்கும். பொரித்த டோஃபுவின் மேல் ஊற்றித் தரும் குழம்பும் தாஷிதான். சாதம் அடைத்த இனாரி சுஷியின் இனிப்பான டோஃபுப் பையைக்கூடத் தாஷியில் வேகவைப்பது உண்டு. ஜப்பானிய மயோனைஸில் முட்டை இருக்கும். மது வேண்டாம் என்பவர்கள் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவையும் சாகே என்ற அரிசி மதுவையும் சமையலில் சேர்த்திருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். வெள்ளரிக்காய் ரோல், அவகாடோ ரோல், உப்புப் போட்டு வேகவைத்த எடமாமே (பச்சை சோயா பீன்ஸ்) ஆகியவை ஓரளவு நிம்மதியாகச் சாப்பிடக்கூடியவை.

இனி உங்கள் விஷயம். "வெஜ்" என்று அச்சடித்துவிட்டு மீன் தண்ணீரில் செய்து கொடுத்தால் அது சேவைக் குறைபாடு, தவறான தகவலும்கூட. மெனுவின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்திருந்தால், பில்லோடு சேர்த்து முதலில் ஓட்டலுக்கே எழுதுங்கள். பில்லிலேயே எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கும், 2022 ஜனவரியிலிருந்து அதைப் போடுவது கட்டாயம். அந்த எண்ணைக் குறிப்பிட்டு உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் புகார் அனுப்பலாம். பத்துக் கிளைகளோ அதற்கு மேலோ இருக்கும் சங்கிலி ஓட்டல் என்றால், ஒவ்வாமை தரும் பொருள்களை (மீன், முட்டை, சோயா, கோதுமை எல்லாம் அதில் அடக்கம்) வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

கேள்வி: பச்சை மீனைச் சென்னை வெயிலில் நம்பிச் சாப்பிடலாமா? காசிமேட்டில் அன்றைக்கு வந்த மீன் என்றால் பரவாயில்லையா? — பெரம்பூர் வாசகர்

நம்மில் பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். குழம்புக்கு "இன்றைக்குப் பிடித்தது" என்பது பெரிய தகுதி. பச்சையாகச் சாப்பிட அது மட்டும் போதாது. கடல் மீனின் உடம்பில் புழுக்கள் இருக்கலாம், அவை துடிக்கத் துடிக்க வந்த மீனிலும் இருக்கும். அதனால்தான் உறைய வைக்கிறார்கள். அமெரிக்க உணவு நிர்வாகத்தின் கணக்குப்படி மைனஸ் 20 டிகிரியில் 7 நாள், அல்லது மைனஸ் 35 டிகிரியில் கல்லாக உறைந்த பிறகு 15 மணி நேரம். வீட்டு ஃபிரீசர் மைனஸ் 18ஐச் சுற்றியே நிற்கும், ஆகவே யூடியூப் பார்த்து வஞ்சிரத்தில் சஷிமி (பச்சை மீன் துண்டு) போடும் ஆசையை விட்டுவிடுங்கள். ஓட்டல்காரர் "இது ஃபுரோசன்" என்று ஒத்துக்கொண்டால் முகம் சுளிக்காதீர்கள், அது நல்ல பதில். "சுஷி கிரேடு" என்ற சொல்லுக்குச் சட்டப்படி எந்த அர்த்தமும் இல்லை, விற்பவர் சூட்டிய பட்டம் அது. சால்மன் நம் கடல் மீனே இல்லை. ஜப்பானியர்களே சால்மனைப் பச்சையாகச் சாப்பிடப் பழகியது, 1980களில் நார்வேக்காரர்கள் தங்கள் பண்ணை மீனை அங்கே கொண்டுபோய் விற்கத் தொடங்கிய பிறகுதான்.

வெயிலைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். சூரை போன்ற மீன்கள் குளிர் விட்டுப்போனால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பெடுத்து, தலை வலிக்கும். திரும்ப உறைய வைத்தாலும் சமைத்தாலும் அது போகாது. அதனால் மே மாத மதியம் ஒன்றரை மணிக்குப் பைக்கில் வரும் சஷிமியை நான் வாங்க மாட்டேன். சாப்பிட வேண்டுமென்றால் நேரில் போங்கள், சமைப்பவர் எதிரே உட்காரும் கவுண்டர் இருந்தால் அங்கே இடம் கேளுங்கள். மீன் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது, பலகையை எத்தனை முறை துடைக்கிறார் என்பதெல்லாம் கண்ணெதிரே நடக்கும். மீன் வாடை அடிக்கக் கூடாது. சாதம் ஃபிரிட்ஜில் வைத்தது போல விறைத்திருந்தால் அது முன்கூட்டியே பிடித்து வைத்த சுஷி. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் பச்சை மீன் வேண்டவே வேண்டாம். விலாங்கு, வேகவைத்த இறால், முட்டை என்று சமைத்த சுஷியே நிறைய இருக்கிறது.

கேள்வி: நாங்கள் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ ஊறுகாய் மாதிரி வைத்தார்கள். இலவசம் என்று சாப்பிட்டோம். பில்லில் தலைக்கு 150 ரூபாய்! — வேளச்சேரி வாசகர்

ஜப்பானில் "இசகாயா" எனப்படும் மதுக்கடைகளில் "ஒதோஷி" என்று ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்ததும் ஒரு சிறு கிண்ணம் வரும், உட்கார்ந்ததற்கான காசு அதில் அடக்கம். அங்கே எல்லோருக்கும் தெரிந்த மரபு. இங்கே யாரும் சொல்லாமல் வைத்துவிட்டுப் பில் போடுவது, கேட்காத பொருளுக்குக் காசு வாங்குவதுதான். நீக்கச் சொல்லலாம். சாப்பிட்ட பிறகு சொல்வதற்குச் சங்கடமாக இருக்கும், எனக்கும் ஒரு முறை அப்படி ஆகிப் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தேன். கிண்ணம் மேஜையில் இறங்கும்போதே "இதற்குக் காசா?" என்று கேட்டுவிடுவது சுலபம்.

கேள்வி: தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பிக்கு மேல் வாங்கினார்கள். புகார் செய்யலாமா? — தாம்பரம் வாசகர்

செய்து பலன் இருக்காது. உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. "பாட்டில் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: கோபே பீஃப் என்று மெனுவில் பார்த்தேன், விலை தலைசுற்றுகிறது. வசாபியும் ஒரிஜினல் என்றார்கள். நம்பலாமா? — அடையாறு வாசகர்

இந்தியாவுக்குள் மாட்டிறைச்சி இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. கோபே என்ற பெயரோ ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் வளர்ந்த தாஜிமா இன மாட்டுக்கு மட்டுமே உரியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "இது எங்கிருந்து வந்தது, சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

வசாபி கதை வேறு. உலகம் முழுக்கப் பரிமாறப்படும் பச்சை விழுதில் பெரும்பகுதி, குதிரைமுள்ளங்கி என்ற கிழங்கையும் கடுகையும் பச்சை நிறத்தையும் சேர்த்துச் செய்வது. கடுகு அரைக்கும்போது மூக்கில் ஏறும் காரம்தான் அதிலும். சும்மா கூட வைத்தால் அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. "ஃபிரெஷ் வசாபி" என்று தனி விலை போட்டால் மட்டும் கிழங்கைக் காட்டச் சொல்லுங்கள். அசலை உங்கள் முன்னாலேயே துருவித் தருவார்கள், துருவிய கால் மணி நேரத்தில் அதன் காரம் இறங்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: "ஒமகாசே" விருந்துக்கு முன்பணம் கட்டினேன். காய்ச்சலால் போக முடியவில்லை, பணம் திரும்ப வராது என்கிறார்கள். — ஆழ்வார்பேட்டை வாசகி

ஒமகாசே என்றால் "உங்கள் விருப்பத்துக்கே விட்டேன்" என்று சமையல்காரரிடம் ஒப்படைப்பது. அன்றைக்கு எத்தனை பேரோ அத்தனை பேருக்கே மீன் வரவழைப்பார்கள், ஆகவே முன்பணம் கேட்பதில் தப்பில்லை. ரத்து நிபந்தனையைப் பணம் வாங்கும் முன் உங்களிடம் சொன்னார்களா என்பதுதான் கேள்வி. வாட்ஸ்அப்பில் பேசியதைத் தேடிப் பாருங்கள். சொல்லவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்கள் பக்கம் வலு இருக்கிறது. சொல்லியிருந்தால், "வேறு தேதிக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று மருத்துவச் சீட்டோடு கேளுங்கள். வரவேண்டிய ஆளைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் ஓட்டல்காரரும் பார்ப்பார். புதுத் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.